எல்லோரும் வீட்டுக்குள்ளே: இடம், சத்தம், வேலை, நோய்

கேள்வி இது: பெருந்தொற்றுக் காலத்தில் வாரக்கணக்கில் யாரும் வெளியே போக முடியாது. ஆறு பேர், இரண்டு படுக்கையறை வீடு. இருவருக்கு அலுவலக வேலை, இரண்டு பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு, கூடவே தாத்தாவும் பாட்டியும். நாள் முழுக்கச் சண்டை. இதில் ஒருவருக்குத் தொற்று வந்தால் என்ன செய்வது?

உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11 அன்று. அதற்கடுத்த வாரங்களில் குடும்பங்களுக்கு அதிகம் கிடைத்த அறிவுரை பொறுமையாக இருங்கள், அன்பாகப் பேசுங்கள் என்பதுதான். கேட்க நன்றாக இருக்கும், பயன் கொஞ்சம்தான். அடைபட்ட வீட்டில் எழும் சண்டைகளை நான்கு நாள் ஒரு தாளில் குறித்து வையுங்கள். யார் எங்கே உட்காருவது, யாருடைய குரல் யாருக்கு இடைஞ்சல், பாத்திரம் யார் கழுவுவது, இணையம் ஏன் நின்றது. முக்கால்வாசி இதில் அடங்கிவிடும். இவற்றுக்குப் பொறுமை தேவையில்லை, ஏற்பாடு தேவை. அதனால் ஏற்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

அறையை ஆளுக்குப் பிரிக்காதீர்கள், மணிக்குப் பிரியுங்கள்

"இது அப்பா அறை, அது பிள்ளைகள் அறை" என்று பிரித்தால் ஆறு பேருக்கு இரண்டு அறை ஒருநாளும் போதாது. வேலையைச் சத்தத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள்: வாய் திறந்து பேச வேண்டிய வேலை, கேட்டால் போதும் என்ற வேலை, பேசவும் கேட்கவும் தேவையில்லாத வேலை. மூடிய கதவு தேவைப்படுவது முதல் வகைக்கு மட்டும். இரண்டாவது வகைக்குக் காதில் மாட்டும் ஹெட்போன் போதும், கூடத்தின் மூலையிலேயே உட்காரலாம். மூன்றாவதைச் சமையல் வேளை அல்லாத நேரத்தில் சமையலறை மேடையில்கூடச் செய்யலாம்.

முதல்நாள் இரவே ஒரு தாளில் மறுநாளைக்கு யார் எத்தனை மணிக்குப் பேச வேண்டும் என்று மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். முழு நாளுக்கும் கால அட்டவணை போடாதீர்கள். மூன்றாம் நாளே அது கிழியும், கிழிந்ததற்கும் ஒரு சண்டை வரும். இரண்டு பேரின் நேரம் மோதினால் அதிகம் பேசப் போகிறவருக்கு அறை. ஆசிரியர் கேள்வி கேட்கும் வகுப்பில் பிள்ளையும் பேசுகிறவர்தான், அலுவலகக் கூட்டத்தில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் பேசுகிறவர் அல்ல. இதைப் பெரியவர்கள் ஒப்புக்கொள்வதுதான் கடினம்.

பேசும் அறையாகத் துணி அலமாரியும் மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். வெற்றுச் சுவர் அறையில் குரல் எதிரொலிக்கும், அதைச் சமாளிக்கப் பேசுகிறவர் இன்னும் உரக்கப் பேசுவார். கதவின் அடி இடைவெளியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் சத்தம் கணிசமாகக் குறையும். முதுகைச் சுவருக்குக் காட்டி உட்கார்ந்தால் பின்னால் போகிறவர்கள் படத்தில் விழ மாட்டார்கள். "அந்தப் பக்கம் வராதே" என்று கத்த வேண்டிய அவசியமும் இருக்காது.

கட்டிலில் சாய்ந்து மடிக்கணினி பார்ப்பவருக்குச் சில நாட்களிலேயே கழுத்து பிடிக்கும், பிறகு எரிச்சல் எல்லோர் மேலும் பாயும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கும்படி கீழே புத்தகங்களை அடுக்கி, தனி விசைப்பலகை ஒன்றை மேசையில் வையுங்கள். பிள்ளையின் கால் தரையைத் தொடாவிட்டால் கீழே ஒரு பெட்டி. கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். பெரியவர்களும் செய்ய வேண்டியதுதான்.

இணையம் ஏன் உறைகிறது

மின்னஞ்சல் திறக்கும், படம் ஓடும், காணொளி அழைப்பு மட்டும் உறையும். காரணம் பெரும்பாலும் மேலேற்றும் வேகம், அதாவது வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகம். இணைப்புத் திட்டத்தில் பெரிதாக எழுதியிருக்கும் எண் தரவிறக்க வேகம். பல இணைப்புகளில் மேலேற்றம் அதில் ஒரு சிறு பங்குதான். ஓரளவு தெளிவான காணொளி அழைப்புக்கு இரு திசையிலும் விநாடிக்குச் சுமார் 1 முதல் 1.5 மெகாபிட் வேண்டும். குரல் மட்டும் என்றால் அதில் பத்தில் ஒரு பங்கு போதும். ஆகவே நான்கு பேர் ஒரே நேரத்தில் அழைப்பில் இருந்தால் பேசாதவர்கள் தங்கள் படத்தை அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாமல் மேலேற்றத்தைத் தின்பது இன்னொன்று உண்டு: எடுத்த படங்களைத் தானாக இணையச் சேமிப்பகத்துக்கு அனுப்பும் கைப்பேசிகள். ஆறு கைப்பேசியிலும் அதை இரவுக்கு மாற்றிவையுங்கள்.

ரவுட்டரைத் தரையிலும் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் வைக்காமல் வீட்டின் நடுவில் உயரமாக வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டும், ஆனால் மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு சுவர் தாண்டினால் மங்கிவிடும். எப்போதும் பேசுகிற ஒருவரின் கணினியைக் கம்பி வழியாக இணைத்துவிட்டால் அலையில் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும்.

வீட்டுவேலையில் "உதவி" என்ற சொல்

எல்லோரும் மூன்று வேளையும் வீட்டிலேயே சாப்பிடும்போது சமையலும் பாத்திரமும் குப்பையும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்தக் கூடுதல் முழுவதும் சத்தமில்லாமல் ஒருவர் தலையில் விழும், பெரும்பாலும் அம்மாவின் தலையில். "நான் உதவி செய்கிறேனே" என்பது இதைத் தீர்ப்பதில்லை. உதவி செய்கிறவர் சொன்னதைச் செய்வார். எது தீர்ந்தது, எது எப்போது வேண்டும், யாரிடம் சொல்வது என்ற நினைப்பு அம்மாவின் தலையிலேயே இருக்கும். களைப்பூட்டுவது அந்த நினைப்புதான்.

வேலையைத் துண்டாக்காமல் முழுசாகக் கைமாற்றுங்கள். துணி என்றால் அழுக்குத் துணி சேர்ப்பது, சோப்புத்தூள் தீர்வதைக் கவனிப்பது, துவைப்பது, காயப்போடுவது, மடித்து அவரவர் அலமாரியில் வைப்பது வரை ஒரே ஆள். இரவுச் சாப்பாடு என்றால் என்ன சமைப்பது என்று முடிவெடுப்பதும் அவரே. ஏற்றவர் தன் முறையில் செய்யட்டும், துண்டு வேறு மாதிரி மடிந்திருந்தால் யாரும் திரும்ப மடிக்க வேண்டாம். திரும்ப மடித்த அன்றே அந்த வேலை பழைய ஆளிடம் வந்துவிடும். பத்து வயதுப் பிள்ளை பாத்திரமும் குப்பையும் முழுப் பொறுப்பாக ஏற்க முடியும். ஆறு வயதுப் பிள்ளை தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பலாம். வாரம் ஒருமுறை பொறுப்புகளை மாற்றிக்கொண்டால் அடுத்தவர் வேலையின் கனம் எல்லோருக்கும் தெரியவரும்.

உணவுப்பொருள் இரண்டு வாரத்துக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் வாங்கிக் குவித்தால் கெட்டுப்போவதும் அதிகம், வெளியே மற்றவர்களுக்குத் தட்டுப்பாடும் அதிகம். அன்றாட மாத்திரைகள் மட்டும் 30 நாளுக்குக் கையில் இருக்கட்டும்.

பிள்ளைகளும் முதியவர்களும்

பிள்ளைகளுக்கு மணிக்கு மணி திட்டம் தேவையில்லை. எழும் நேரம், சாப்பாட்டு நேரங்கள், படுக்கும் நேரம் ஆகியவை நகராமல் நின்றால் இடையில் உள்ளது எப்படிப் போனாலும் பாதகமில்லை. ஓடியாட ஒரு நாளில் 60 நிமிடம் வேண்டும் என்பது 5 முதல் 17 வயது வரையானவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. அதை மூன்று இருபது நிமிடமாகப் பிரித்தாலும் சரி. கூடத்தில் குதிக்க இடமில்லையென்றால் படிக்கட்டு, கயிறு, பாட்டுப் போட்டு ஆட்டம். வகுப்புக்கு முன் ஒரு இருபது நிமிடம் ஆடிய பிள்ளை உட்காரும் விதமே வேறு.

திரை நேரத்தில் எல்லாத் திரையையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். வகுப்பு ஒரு கணக்கு, நண்பனோடு பேசுவது இன்னொரு கணக்கு, முடிவில்லாமல் ஓடும் துண்டுக் காணொளிகள் மூன்றாவது கணக்கு. வெட்ட வேண்டியது மூன்றாவதை. பதின்வயதுப் பிள்ளைக்கு நண்பர்களோடு பேசுவது சோறு தண்ணீர் மாதிரி. அதற்குக் கதவைச் சாத்திய அரைமணி நேரத்தைச் சுவர்த்தாளில் அவன் பெயருக்கும் எழுதிக் கொடுங்கள். இரண்டிலிருந்து நான்கு வயதுக் குழந்தைக்குத் திரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

பழகிய பழக்கம் பின்னோக்கிப் போவது உண்டு: நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரும், தனியாகத் தூங்கிய பிள்ளை ஒட்டிக்கொள்ளும். இது அடம் அல்ல, பயம். கண்டித்தால் நீளும். நோயைப் பற்றி ஒளிக்காமல், வயதுக்கேற்ற இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டு, நாம் என்னென்ன செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

முதியவர்கள் விஷயத்தில் எல்லோரும் தொற்றையே நினைத்துக்கொண்டு அவர்களுடைய கால்களை மறந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை தளரும், வீட்டுக்குள்ளேயே தடுக்கி விழுவார்கள். நாளுக்கு நான்கு முறை பத்து நிமிடம் கூடத்திலேயே நடை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவது, அருகில் ஒருவர் நிற்க. காலடி மிதியடி நழுவாததாக இருக்கட்டும், இரவில் கழிவறை வழியில் ஒரு சிறு விளக்கு. செய்தித் தொலைக்காட்சி பார்ப்பதை நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாவு எண்ணிக்கையைக் காலையிலிருந்து இரவு வரை கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

வீட்டிலிருங்கள் என்றால் மருத்துவத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று பொருளில்லை. 2020-ல் வழக்கமான தடுப்பூசி தவறிய குழந்தைகள் உலகளவில் 2 கோடியே 30 லட்சம். முந்தைய ஆண்டைவிட 37 லட்சம் அதிகம். நெஞ்சுவலி, திடீரென வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் மரத்தல் வந்தால் தொற்றுக்குப் பயந்து காத்திருக்கக் கூடாது.

சண்டை முற்றும்போது

குரல் உயர்ந்தால் யாராவது ஒருவர் "பிறகு பேசலாம்" என்று சொல்லி அரைமணி நேரம் வேறு இடத்துக்குப் போக வேண்டும். போகிறவர் எப்போது திரும்பிப் பேசுவார் என்ற நேரத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடுத்த குற்றச்சாட்டு. இரவு பதினொரு மணிக்குப் பணப் பேச்சு எடுக்காதீர்கள்; வருமானம் குறைந்திருந்தால் வாரத்தில் ஒரு பகல், 20 நிமிடம், வரவும் செலவும் எழுதிய தாளோடு.

அடியும் மிரட்டலும் உள்ள வீட்டுக்கு மேலே சொன்ன எந்த ஏற்பாடும் பொருந்தாது. 2020 ஏப்ரலில் ஐநா பொதுச் செயலாளர் குட்டெரெஸ், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை பெருகுவதைத் தனியாகச் சுட்டிக்காட்டி நாடுகளுக்கு வேண்டுகோள் விடுத்தார். அந்த நிலையில் இருப்பவர் நம்பிக்கையான உறவினர் ஒருவரோடு ஒரு ரகசியச் சொல்லை முன்பே பேசிவைக்கட்டும். அந்தச் சொல் வந்தால் உறவினர் காவல்துறையை அழைக்க வேண்டும். அடையாள ஆவணங்கள், மருந்து, கொஞ்சம் பணம், மின்னேற்றி ஆகியவை ஒரே பையில். சண்டை மூளும்போது கூரிய கருவிகள் உள்ள சமையலறைக்கோ வெளிவழி இல்லாத குளியலறைக்கோ போகக் கூடாது. ஊரடங்கு இருந்தாலும் உயிருக்குப் பயந்து வெளியேறலாம்.

தொற்று வீட்டுக்குள் வந்துவிட்டால்

யார் எந்த அறைக்குப் போவது என்பதை நோய் வருமுன்பே முடிவு செய்யுங்கள். காய்ச்சல் வந்த இரவில் கட்டிலை நகர்த்திக்கொண்டிருக்க முடியாது. தனிமை அறைக்கு வெளியே திறக்கும் ஜன்னல் வேண்டும், முடிந்தால் ஒட்டிய கழிவறை. ஸ்பிளிட் வகைக் குளிர்சாதனம் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறைக்காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. எனவே அது ஓடினாலும் ஜன்னலைச் சிறிது திறந்தே வையுங்கள். மேசை விசிறி இருந்தால் ஜன்னலில், வெளிப்பக்கம் ஊதும்படி. அப்போது வீட்டுக் காற்று கதவிடுக்கு வழியாக நோயாளி அறைக்குள் போகும், நோயாளி அறைக் காற்று கூடத்துக்கு வராது. விசிறியைத் தலைகீழாக, கூடத்தைப் பார்த்து வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

கழிவறை ஒன்றுதான் என்றால் நோயாளி எல்லோருக்கும் கடைசியாகப் போகட்டும், முகக்கவசத்தோடு. பிறகு ஜன்னலோ வெளியேற்றும் விசிறியோ திறந்து அரைமணி விட்டு மற்றவர்கள். பல்துலக்கும் தூரிகைகளைக் குளியலறையிலிருந்து எடுத்துவிடுங்கள். கவனிப்பவர் ஒருவர் மட்டுமே. இளமையும் உடல்நலமும் உள்ளவராக இருக்கட்டும், கர்ப்பிணியோ முதியவரோ வேண்டாம். உள்ளே போகும்போது இருவருக்கும் முகக்கவசம். உணவைக் கதவருகே ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

2020-ன் தொடக்கத்தில் வீடுகளில் காய்கறியையும் பையையும் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். பிறகு தெரிந்தது, கோவிட் கிருமி முக்கியமாகக் காற்றில்தான் பரவுகிறது, பொருளைத் தொட்டுப் பரவுவது குறைவு. ஆகவே துடைப்பதில் செலவிடும் நேரத்தில் பாதியை ஜன்னலுக்குக் கொடுங்கள். கழிவறையும் கைப்பிடிகளும் துடைக்க, 5 சதவீத பிளீச் திரவம் 20 மில்லிலிட்டரை 980 மில்லிலிட்டர் குளிர்ந்த நீரில் கலந்தால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நாள்பட்டால் வீரியம் போய்விடும். அழுக்கை முதலில் சோப்பால் நீக்காமல் இதை ஊற்றினால் பயனில்லை. கழிவறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சை ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சு அடைக்கும். கைத் தேய்ப்புத் திரவத்தில் ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; தேய்த்த கை காய்வதற்குள் அடுப்பருகே போகக் கூடாது.

அறிகுறி தொடங்கிய நாளைத் தாளில் எழுதி, அங்கிருந்து நாள் எண்ணுங்கள். கோவிட்டில் பலருக்கு முதல் நான்கு நாள் சாதாரணக் காய்ச்சலாகப் போய், ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள் நிலைமை மோசமானது. "காய்ச்சல் இறங்கிவிட்டது, சரியாகிவிட்டது" என்று கவனிப்பை விட்ட வீடுகள் இடறியது அந்த இடைவெளியில்தான்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கருவியால் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காலை, மதியம், இரவு எனவும், மூச்சில் மாற்றம் தெரிந்தால் உடனேயும் பாருங்கள். ஐந்து நிமிடம் ஓய்வாக உட்கார்ந்தபின், கையைச் சூடாகத் தேய்த்து, நகச்சாயம் இல்லாத நடுவிரலிலோ ஆட்காட்டி விரலிலோ மாட்டி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடமாவது காத்திருங்கள். மாட்டியவுடன் தெரியும் எண் பொய் சொல்லும். 95 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் கவலையில்லை, 94 அல்லது கீழே என்றால் மருத்துவரை அழையுங்கள், 90-க்குக் கீழே என்றால் தாமதமில்லாமல் மருத்துவமனை. நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு அவருடைய வழக்கமான அளவு என்ன என்று முன்பே கேட்டுவையுங்கள். தோல் கருத்திருந்தால் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்று 2020 டிசம்பரில் ஓர் ஆய்வு வெளியானது. ஆகவே ஒற்றை எண்ணைவிட, நேற்று 98 இன்று 95 என்று இறங்கும் போக்கு முக்கியம். சிலருக்கு அளவு இறங்கியும் மூச்சுத் திணறல் தெரியவே தெரியாது. உதடு நீலமாவது, குழப்பமான பேச்சு, ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியாமை ஆகியவை கருவி எதைக் காட்டினாலும் அவசரம்தான்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், நான்கு மணி நேரமாவது இடைவெளி, 24 மணி நேரத்தில் மொத்தம் 4 கிராமுக்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் மது அருந்துபவருக்கும் மருத்துவர் சொல்லும் குறைந்த அளவு. சளி மாத்திரைகள் பலவற்றுக்குள்ளும் பாரசிட்டமால் இருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காமல் இரண்டையும் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. குழந்தைகளுக்கு எடையை வைத்துத்தான் அளவு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆஸ்பிரின் அவர்களுக்குக் கூடாது. வாந்தி பேதி இருந்து உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கிடைக்காவிட்டால், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்மட்டத்துக்குப் போடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை வாங்கி வராதீர்கள். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரிழப்பைக் குறைத்தது என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதில் நன்மை தெரியவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. முதல் நாளே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் பாதிச் செய்தியைத்தான் கேட்டிருந்தார்கள்.

தனிமையை எத்தனை நாளில் முடிப்பது என்பது அந்தந்த நோய்க்கும் அந்தந்த நேரத்து விதிக்கும் ஏற்ப மாறும். மாத்திரை எதுவும் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும் என்பதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் நாட்களில் நோயாளியைத் தனியாக விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசிக் காணொளியை மேசையில் நிறுத்திவைத்தால் அவரும் பந்தியில் இருக்கிறார்.

கட்டுப்பாடு தளரும்போது ஒரே நாளில் பழைய நேரத்துக்குத் திரும்ப முடியாது. பள்ளி திறக்கும் தேதி தெரிந்தவுடன் எழும் நேரத்தை நாளுக்கு 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். இரண்டு மணி நேரம் தள்ளிப்போயிருந்தால் எட்டு நாள் பிடிக்கும். படுக்கும் நேரத்தைப் பிடித்து இழுக்க வேண்டாம். எழுந்ததும் ஜன்னலோர வெளிச்சத்தில் அரைமணி உட்கார வைத்தால் இரவில் தூக்கம் தானாக முன்னே வரும்.